மூன்றாவது கோடு

என் கணவர் நிலம் அளப்பவர். அவர் அளந்து வந்ததைக் கணினியில் வரைபவள் நான். வீட்டு முன்னறைதான் எங்கள் அலுவலகம். அந்த ஒரு அறையிலாவது நான் சொல்வதை அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்று வரைந்தது என் நாத்தனார் வாங்கப் போகும் மனை. வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள். மதியத்துக்குள் வரைபடம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாக மனைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை எளிதுதான். ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் குறித்து வந்த திசையையும் நீளத்தையும் தட்டினால் கோடு தானாக ஓடும். ஐந்து பக்கமும் ஓடி, தொடங்கிய மூலைக்கே வந்து சேர வேண்டும். சேர்ந்தால்தான் அது மனை. இதுவோ சாலையைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போய் நின்றது.

"அய்யோ அண்ணி, எதிர்வீட்டு சமையலறையும் நமக்கே வந்துடும் போலிருக்கே!" என்று நாத்தனார் சிரித்தாள். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது.

"நீதான் தப்பாத் தட்டியிருப்ப. என் அளவுல தப்பே வராது" என்றார் கணவர்.

மறுபடி தட்டினேன். கோடு மறுபடியும் எதிர்வீட்டுக்கே விருந்தாளியாகப் போனது. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தேன். மூன்றாவது பக்கத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. சாய்வும் அதே சாய்வு. எனக்குப் பொறி தட்டியது. முன்னே போக வேண்டிய கோடு பின்னே போனால்தான் இப்படி விலகும்.

"ஏங்க, மூணாவது பக்கத்தை எந்த மூலையில நின்னு பாத்தீங்க?"

"மூணாவது மூலையிலதான். வேற எங்க நிப்பேன்?" என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நாத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார், அண்ணி. அந்த மூலையில ஒரு நாய். கருவியைத் தூக்கிட்டு அண்ணன் ஓடின ஓட்டம் இருக்கே! நாலாவது மூலையிலதான் போய் நின்னார். அங்கிருந்தே திரும்பிப் பாத்து அளந்துட்டார். நாய் பக்கத்துல, மூணாவது மூலையில அளவுகோலைப் பிடிச்சுட்டு நின்னது நான்!"

"எவ்ளோ பெரிய நாய்?"

அவள் முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினாள்.

"பல்லு பெருசு" என்றார் கணவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு பக்கத்துக்கு வடகிழக்கைத் தென்மேற்காக மாற்றித் தட்டினேன். கடைசிக் கோடு வந்து முதல் மூலையில் பொருந்தி நின்றது. அச்சடித்த தாளைச் சுருட்டிக்கொண்டு கணவர் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மனைக்காரர் ஒத்துக்கொண்டாராம்.

நாத்தனார் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இதுல ஒரு கதவு போட்டுக் காட்டுங்களேன்."

"வீடே இல்ல, கதவை எதுல போடறது?" என்று திட்டிக்கொண்டே திரையிலேயே ஒரு நகல் எடுத்தேன். "எந்தப் பக்கம்டி?"

யோசிக்கவே இல்லை, விரலை வைத்துவிட்டாள். "இங்க. உங்க வீட்டிலிருந்து வந்தா இதுதான் கிட்ட."

கதவைக் கொஞ்சம் அகலமாகவே வரைந்தேன்.