உபய அலமாரி

அந்த அலமாரி மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோதே ஞானபூரணத்துக்கு அது பிடிக்கவில்லை. தேக்கு மரம், புது வார்னிஷ், கண்ணாடிக் கதவு எல்லாம் சரிதான். ஆனால் கண்ணாடி முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுத்து: ‘அவசர சிகிச்சை மருந்துகள். உபயம்: தர்மச்செம்மல், கொடைவள்ளல், மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் பொன்னுச்சாமி அவர்கள், செயலாளர்.’ உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, கொடைவள்ளலுக்கும் மிளகாய் வத்தலுக்கும் நடுவில் இருந்த சந்தில் கண்ணை வைக்க வேண்டும்.

சங்கரன்கோவிலில் இருபது படுக்கையோடு நடந்துகொண்டிருந்த தர்ம ஆஸ்பத்திரி அது. எழுபத்தெட்டாம் வருஷம். ஞானபூரணம் அங்கே பதினோரு வருஷமாக நர்ஸ். அலமாரித் திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆர்.டி.ஓ. தலைமையில் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அலமாரியைத் திறக்க ஆர்.டி.ஓ. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் குடிதண்ணீர்க் குழாய்க்கே எம்.எல்.ஏ. வந்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் செல்லப்பா, வார்டு மேஜையில் இருந்த அவசர மருந்துகளை ஒன்றுவிடாமல் அலமாரிக்குள் அடுக்கிப் பூட்டி, சாவியைச் செயலாளர் பொன்னுச்சாமி கையில் கொடுத்துவிட்டார்.

“அட்ரினலின் ரெண்டு ஆம்பூலாவது வெளிய வச்சிருக்கக் கூடாதா?” என்றாள் ஞானபூரணம்.

“அலமாரி நெறஞ்சு தெரியணும்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ, சிஸ்டர். மேல் தட்டுல காலி டப்பாவ வச்சுல்லா ஒப்பேத்தியிருக்கேன்.”

“ஒருத்தனுக்கு ஊசி ஒத்துக்கிடாமப் போச்சுன்னா?”

“ஒரு நாளைக்குள்ள என்ன ஆயிரப் போவுது?”

வெள்ளிக்கிழமை காலை நாலாம் நம்பர் கட்டிலில் காசி என்ற விவசாயக் கூலி வந்து சேர்ந்தான். மேலநீலிதநல்லூர்க்காரன். மண்வெட்டி பட்ட கால் நாலு நாளில் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் சங்கரசுப்பிரமணியன் பார்த்துவிட்டுப் பென்சிலின் எழுதினார். ஞானபூரணம் காசியின் மனைவி பேச்சியிடம் விசாரித்தாள்.

“முன்னால ஊசி போட்டிருக்கா?”

“போன வருஷம் ஒண்ணு போட்டாவ நர்சம்மா. அன்னைக்கு ராத்திரி உடம்பெல்லாம் தடிச்சுப் போயி, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துட்டு.”

அவள் கேஸ் ஷீட்டோடு டாக்டரிடம் போனாள். டாக்டர் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை கட்டும் டை. கழுத்து அதற்கு இணங்க மறுத்தது.

“அது மூட்டப்பூச்சி கடிச்சிருக்கும்” என்றார் டாக்டர்.

“எனக்கு அப்படித் தோணல சார். வேற மருந்து மாத்திக் குடுங்க. இல்லேன்னா அலமாரியத் தொறந்து அட்ரினலின் கைக்கு வந்தப்புறம் டெஸ்ட் டோஸ் போடுதேன்.”

“ஆர்.டி.ஓ. வார நேரத்துல கட்டில்ல நோயாளி சும்மா கெடந்தா எப்படி இருக்கும்? வைத்தியம் நடக்குத மாதிரி தெரிய வேண்டாமா?”

“டெஸ்ட் டோஸே சில பேரக் கொண்டு போயிரும் சார். பாளையங்கோட்டைல டிரெய்னிங் படிக்கப்போ பாத்திருக்கேன்.”

“நீங்க டாக்டரா, நான் டாக்டரா?”

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும் பதில் கிடையாது. ஞானபூரணம் கேஸ் ஷீட்டில் எழுதினாள்: ‘முன்பு ஊசி ஒவ்வாமை. அட்ரினலின் பூட்டில் உள்ளது. ஊசி போடவில்லை.’ கையெழுத்துப் போட்டு மணியையும் குறித்தாள். பிறகு ஒரு சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துத் தட்டில் வைத்து மூடினாள். அதில் ஏற்ற அட்ரினலின்தான் இல்லை.

வார்டு வாசலில் அலமாரிக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் வெல்வெட் நாற்காலியில் செயலாளர். அவருக்கு முன்னால் வெள்ளித் தட்டில் சந்தனம், பன்னீர்ச் செம்பு. பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. வரவில்லை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிட்டது.

“இனிமே பன்னெண்டு மணிக்குத்தான் தொறக்கணும்” என்றார் செயலாளர். “நல்ல காரியம் பாத்தீங்களா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். நாதஸ்வரக்காரர் காப்பி குடிக்கப் போனார். திடீரென்று வார்டு அமைதியாகிவிட்டது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கடக்கென்று முனகுவது மட்டும் கேட்டது.

பதினொன்றே காலுக்கு டாக்டர் செல்லப்பாவைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மூன்றாம் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஞானபூரணம் நிமிர்ந்தபோது, செல்லப்பா காசியின் முன்கையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் சொன்னாவ, சிஸ்டர். தோலுக்கடியில சொட்டு மருந்துதான்.”

அவள் ஓடிவந்து காசியின் நாடியைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கழுத்தைச் சொறிந்தான். உள்ளங்கையைச் சொறிந்தான்.

“தொண்டயில என்னமோ அடைக்கி நர்சம்மா.”

உதடு கண்ணெதிரே தடித்தது. விரலுக்கடியில் நாடி நூலாக இளைத்துக்கொண்டே போனது. பேச்சி ஒன்றும் புரியாமல் புருஷனின் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஞானபூரணம் காசியின் தலைப்பக்கத் தலையணையை உருவிக் காலுக்கடியில் திணித்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள்.

“சாவியத் தாங்க அண்ணாச்சி! ஆளு போறான்!”

செயலாளர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் செயலாளரைப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவர் முதலில் பேசட்டும் என்று ஒருவரும், படித்தவர் முதலில் பேசட்டும் என்று மற்றவரும் மரியாதை காத்தார்கள்.

“இன்னும் அரை மணி நேரந்தானம்மா…” என்று செயலாளர் தொடங்கினார்.

ஞானபூரணம் பன்னீர்ச் செம்பை எடுத்தாள். அதன் அடிப்பாகத்தால் கொடைவள்ளலின் மேல் ஓங்கி ஒரு அடி. கண்ணாடி உள்பக்கமாகச் சரிந்தது. கையை விட்டு ஆம்பூலை எடுத்தபோது மணிக்கட்டில் ரத்தம் கோடு போட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்ப ஓடி, ஆம்பூலின் கண்ணாடிக் கழுத்தை உடைத்து, தட்டில் மூடி வைத்திருந்த சிரிஞ்சில் அரை சி.சி. ஏற்றி, காசியின் புஜத்தில் போட்டாள். நாடியில் விரலை வைத்து நின்றாள்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. மின்விசிறி கடக்கென்றது. பிறகு, எங்கோ தூரத்தில் கதவு தட்டுவதுபோல ஒன்று. இன்னொன்று.

ஆர்.டி.ஓ. அன்றைக்கு வரவேயில்லை.

காசி ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான். பத்தாம் நாள் ஞானபூரணத்துக்கு மெமோ வந்தது. திறப்பு விழாவுக்கு முன்பே அலமாரியைத் திறந்தது ஏன்? கொடையாளரின் பெயரைச் சேதப்படுத்தியது ஏன்? பன்னீர்ச் செம்பு நசுங்கியதற்கு யார் பொறுப்பு? இரண்டு பக்க மெமோ. காசி என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. கேஸ் ஷீட்டைத் தேடினாள். அதுவும் இல்லை. மாத முடிவில் சிவகிரியில் இருந்த மருந்து கொடுக்கும் கிளைக்கு அவளை மாற்றினார்கள்.

கிளம்புகிற நாளில் புது அலமாரி வந்து இறங்கியது. இந்த முறை கண்ணாடி கிடையாது. கனத்த இரும்புத் தகடு. பெயர் பழையதைவிடப் பெரிதாக இருந்தது. பூட்டு இரண்டு. ஒரு சாவி செயலாளரிடம், மற்றது டாக்டரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும்.

ஞானபூரணம் பழைய அலமாரியிலிருந்து அட்ரினலின் இரண்டு ஆம்பூலை எடுத்துப் பஞ்சில் பொதிந்து வார்டு மேஜை டிராயரில் வைத்தாள்.

“இத மட்டும் எடுத்துராதீங்க செல்லப்பா. ஒங்க கையப் புடிச்சுக் கேக்கேன்.”

“நான் ஏன் எடுக்கப் போறேன் சிஸ்டர்? அன்னைக்கு என் கண்ணாலல்லா பாத்தேன்.”

அவள் போனதும் டாக்டரும் செயலாளரும் அலமாரியை நிரப்ப வந்தார்கள். ஸ்டாக் நோட்டுப்படி அட்ரினலின் இரண்டு குறைந்தது.

“எங்கவே ரெண்டு?” என்றார் செயலாளர்.

செல்லப்பா வார்டு மேஜைக்குப் போனார். டிராயரைத் திறந்து, பஞ்சோடு எடுத்துக் கொடுத்தார். இரும்புக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு சாவியும் இரண்டு பைக்குள் போயின.

நாலாம் நம்பர் கட்டிலில் அன்று காலை வந்த பெண்ணுக்குக் கையில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதிவிட்டுப் போனார். அவளிடம் எதுவும் விசாரிக்க ஆள் இல்லை. செல்லப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்து, சிரிஞ்சைத் தண்ணீரில் போட்டார்.