பதினொரு நாள் செவ்வாய்

1987 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, கோலசிலாங்கூருக்கு வடக்கே உள்ள மெராந்தி தோட்டத்தில் பதினொரு நாள் நீடித்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அது ஒரு நாள்தான்.

தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதற்கு முந்திய ஆண்டு. மேனேஜர் சிவானந்தம் அதில் ஓர் ஊர் வளர்க்கும் விளையாட்டைப் போட்டுவைத்தார். வீடு, சாலை, குழாய் என்று வேண்டியதைக் கட்டங்களில் வைத்து ஒரு விசையை அழுத்தினால் அந்த முறை முடியும்; எத்தனை பேர் கூடினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று திரை சொல்லும். மெராந்தியை அதில் வரைந்து நடத்தியவள் டைப்பிஸ்ட் கங்கா. விளையாட்டில் ஒரு முறை முடிந்தால்தான் தோட்டத்தில் ஒரு நாள் முடியும் என்பது டிசம்பரிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மாலை நாலரைக்கு விசையை அழுத்துவது, தபால் பையைக் கட்டுவதுபோல, அவள் வேலைகளில் ஒன்றானது.

அன்று சிவானந்தம், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் புதிதாக நாற்பது வீடுகள் வைக்கச் சொன்னார். ஏற்கெனவே இருந்த அறுபது வீட்டுக்கும் ஒரே கிணறு. அதன் தண்ணீரால் அந்த ஆண்டில் இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தன. ஒன்று கங்காவின் அண்ணன் மகள். குழாய் இல்லாமல் வீட்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை, திரையில் முன்பு பழகிப்பார்த்த ஊர்களில் அவள் கண்டிருந்தாள்: முதலில் காய்ச்சல், பிறகு காலி வீடு. நாற்பதையும் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“குழாய் வராம அழுத்த மாட்டேன், சார். திரையில இல்ல, லயத்துல.”

சிவானந்தம் தாமே அழுத்தினார். விசை இறங்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் செவ்வாய்க்கிழமையாவது மிஞ்சுமா என்பதற்கு யாரும் உறுதி தராததால் விட்டுவிட்டார்.

வெயில் நாலரையிலேயே நின்றது. ஜன்னலில் சாக்குக் கட்டிக்கொண்டு மக்கள் தூங்கினார்கள், எழுந்து சமைத்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியற்காலை வேலை. விடியாததால் ஸ்டோருக்கு ஒரு வாளிப் பால்கூட வரவில்லை. புல் வெட்டவாவது ஆள் அனுப்பு என்றார் மேனேஜர். ஆள் கணக்கு எழுதும் மண்டோர் சன்னாசி புத்தகத்தை விரித்துக் காட்டினார். காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்திக் கூப்பிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போடுவது தோட்டத்து வழக்கம்.

“இன்னிக்குப் பேரு போட்டாச்சு, தொர. ஒரே நாளுல ரெண்டு பேரு எப்படிப் போடறது?”

வெளியே நாட்கள் நடந்தன. தஞ்சோங் காராங்கிலிருந்து மளிகை லோரி ஓட்டிவரும் உதுமான் சனிக்கிழமை புறப்பட்டுச் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார்.

“என்ன புள்ள, இன்னும் செவ்வாய்தானா? எங்க ஊருல ஜும்மாவே முடிஞ்சிருச்சு லா!”

“நீங்கதான் அவசரமா போறீங்க, பாய்,” என்றாள் கங்கா.

அண்ணி நாகமணி அவளுக்கு ஆபீசுக்கே சோறு கொண்டுவந்தாள். “அழுத்திறாத கங்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் சிவானந்தம் குழாய் கேட்டுக் கம்பெனிக்கு எழுதிப்போட்டார். பத்தாம் நாள் குழாய் ஏற்றிய லோரிகள் வந்தன. எந்தப் புத்தகத்திலும் பேர் விழாத அந்த வேலைக்கு லயமே சாங்குல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் வெட்டியது. நாகமணி முன்னால் வெட்டினாள். மறுநாள் தண்ணீர் வந்தது. கங்கா அறுபது குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு ஆபீசுக்குப் போய்த் திரையிலும் குழாயை வைத்து விசையை அழுத்தினாள். இருட்டியது.

மெராந்தியில் மறுநாள் மார்ச் 4, புதன். வெளியே மார்ச் 14, சனி. தோட்டம் அதன்பிறகு பத்து நாள் பின்தங்கியே இருந்தது. தீபாவளியைப் பத்து நாள் கழித்துக் கொண்டாடினார்கள். தபால்காரர் இரண்டு தேதி முத்திரை வைத்துக்கொண்டார். நாற்பது வீடுகளும் ஆகஸ்டில் கட்டி முடிந்தன. நூறு வீட்டிலும் ஆள் இருந்தார்கள்.