வீட்டுக்கு ஒரு தாள்

போர் தொடங்கியதிலிருந்து, படைமுகாமில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு கடிதம், வீட்டுக்கு ஒரே தாள். பிரித்துப் படிக்கும் தணிக்கைக்காரர்களுக்குக் கண் நோகிறதாம். எங்கள் வீட்டில் அந்தத் தாளுக்கு இரண்டு பேர்: என் கணவரைப் பெற்ற மாமியார், அவரைக் கட்டிய நான். நடுவில் கோடு போட்டுப் பாகம் பிரித்தோம். மேல்பாதி அத்தைக்கு, பெற்ற உரிமை.

அத்தை தன் பாதியில் என் சமையலைப் பற்றி எழுதுவார். கூடவே என் திமிரையும். நான் சீருடை ஆலையில் நாளெல்லாம் பொத்தான் தைத்துவிட்டு வந்து அதைப் படித்து, கீழ்ப்பாதியில் பதில் கொடுப்பேன். உள்ளதைச் சொன்னால், என் பாதியில்தான் காரம் தூக்கல். "சாப்பிட்டாயா" என்று கேட்க இரண்டு பேருக்குமே இடம் போதவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் பிரிவு முன்வரிசைக்குப் போகிறதாம். அதற்கு முன் வீட்டுக்கு வரக் கிடைத்த விடுப்பை, கூட இருப்பவனுக்கு விட்டுக்கொடுக்கப் போகிறாராம். "இங்கே எதிரி ராத்திரியிலாவது தூங்குகிறான்" என்று முடித்திருந்தார்.

அத்தையும் நானும் ஒருவரையொருவர் கண்ணாலேயே எரித்தோம். பிறகு கோடு போடாமல் தாளை விரித்தோம்.

நான் திருந்திவிட்டதாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அவன் நம்புற மாதிரி ஏதாவது எழுது," என்றார் அத்தை.

சரி, நீங்கள் திருந்திவிட்டதாக எழுதலாமா என்றேன். அதற்கு வந்த பதிலை எந்தத் தணிக்கையும் விடாது.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நான் சொல்றதை எழுதுடி. டேய், நீ வராமலே போயிட்டா, மிச்சம் நானும் இவளும்தான். இவ மூஞ்சிய நானும் என் மூஞ்சிய இவளும் பாத்துக்கிட்டு எத்தனை வருஷம்டா உக்காந்திருக்கிறது? நாங்க சண்டை போடுறதே உன்கிட்ட சொல்றதுக்குத்தான். வந்துட்டுப் போ."

எழுதினேன். "இவள்" என்பதைக்கூட "நான்" என்று மாற்றவில்லை. முடித்துத் தாளை அத்தையிடம் நீட்டினேன்.

"கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றார் அத்தை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதால் உறைக்கவில்லை.

தபாலில் சேர்க்க இரண்டு பேருமே போனோம். ஒருத்தியை நம்பி இன்னொருத்தி விடமுடியுமா? அனுப்புவது யார் என்று கேட்டார் எழுத்தர்.

"நான்தான்," என்றோம், முறைத்துக்கொண்டே, ஒரே நேரத்தில்.