காதுக்காரர் வண்டி வாங்கப் போனார்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கதவை அடித்துச் சாத்திப் பார்ப்பார்கள். காதுக்காரர் அதெல்லாம் செய்ய மாட்டார். இஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பார். அப்புறம் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. துப்புரவுத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு மெஷின் வாங்குவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் சும்மா வந்துவிடவில்லை.

அந்தக் காது போய்விட்டது என்று ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் மனைவிக்கு.

போகாமல் என்ன செய்யும்? பத்தொன்பது வருஷம் தரை தேய்க்கிற மெஷின், தண்ணீர் உறிஞ்சுகிற மெஷின் என்று இரைச்சலுக்குள்ளேயே கிடந்த மனுஷன். வேலைக்கு வருகிற பெண்களின் கையில் பஞ்சைத் திணித்து, "காதுல வெச்சுக்கம்மா" என்று விரட்டுவார். தான் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். மெஷின் சத்தம் மாறினால் தெரிய வேண்டாமா என்பார். அவளும் எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

இப்போது பார்க்க வந்திருப்பது ஒரு பழைய ஸ்டெப் வேன். உயரமான பெட்டி வண்டி. ஓட்டுகிற இடத்திலிருந்து எழுந்து, குனியாமலே பின்பக்கம் நடந்து போகலாம். படியும் தாழ்வு. மெஷின், வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிறுத்தினபடியே நிற்கும். அடுத்த வாரத்திலிருந்து மூன்று பள்ளிக்கூடங்களைச் சுத்தம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார்கள். வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டால் அந்த வேலை போச்சு. அவர்களை நம்பியிருக்கிற ஏழு பெண்களின் பிழைப்பும் போச்சு.

விற்கிறவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். ரொட்டி ஏற்றின வண்டியாம், ஒரே ஓட்டுநராம், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். பேசிக்கொண்டே இஞ்சினை முடுக்கினார். காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம், உள்ளே யாரோ அடைபட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. தட்டுகிற இஞ்சினைக் கையால்கூடத் தொடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான்.

"நல்லா இருக்கு. சத்தம் சுத்தமா இருக்கு" என்றார் காதுக்காரர்.

விற்கிறவர் ஒரு கணம் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெரிய காதுக்காரராம்!" என்று முணுமுணுத்தார். அடப்பாவி! அது அவளுக்கு மட்டும் கேட்டது.

அவள் கணவரின் கையைப் பிடித்து இழுத்து, வழக்கம்போல உரக்கச் சொன்னாள். "என்னங்க, இந்தப் படி எனக்கு ஒத்துவராது. முட்டி வலிக்குது. வேற பாப்போம்."

"இதைவிடத் தாழ்ந்த படி எங்க இருக்கு? விளையாடாதே."

"நிறமும் பிடிக்கல."

"பள்ளிக்கூடம் கழுவப் போறோமா, ஊர்வலம் போறோமா? கொஞ்சம் சும்மா இரேன்" என்று சிரித்தார் அவர். விற்கிறவரும் சேர்ந்து சிரித்தார். காகிதத்தை நீட்டினார், பேனாவைத் திறந்தே கொடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழு பேரின் பிழைப்பு போச்சு. திறந்தால், ஆயுசு முழுக்க அவர் சேர்த்து வைத்திருந்த ஒரே பெருமையை இந்த எத்தன் முன்னாலேயே அவள் உடைக்க வேண்டும். பஞ்சு விஷயத்தில் ஒரு தடவை விட்டுவிட்டாள். இன்னொரு தடவை விட அவளுக்கு மனம் வரவில்லை. பேனா காகிதத்தில் படுவதற்குள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"இஞ்சின் தட்டுதுங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தட்டுதா?" என்று ஒரு குழந்தையைப் போலக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"அம்மாவுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்று விற்கிறவர் குறுக்கே வந்தார்.

காதுக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடி, காகிதத்தின் மேல் வைத்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எதிர்வரிசைக் கடையில் இன்னொரு ஸ்டெப் வேன் நின்றது. பக்கமெல்லாம் நசுங்கி, பெயின்ட் உரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. இஞ்சின் ஓடியபோது இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு."

"ஒரே சீரா ஓடுது. தட்டல் இல்ல."

"ஆக்சிலேட்டரை மிதிச்சப்போ?"

"சத்தம் ஏறி இறங்குது. பிசிறே இல்ல."

"அப்ப இதையே எடுத்துக்கலாம்."

கடைக்காரர் காகிதம் எழுத உள்ளே போனார். இருவரும் வண்டிப் படியில் உட்கார்ந்தார்கள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருஷமா."

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த ரெண்டு வருஷமா நீ கத்திக் கத்திப் பேசினதெல்லாம்..."

"உங்களுக்குக் கேக்கணும்னுதான்."

"கழுத்து நரம்பு புடைக்கப் பேசுவே. முகமெல்லாம் செவந்து போகும். என்மேல வெறுத்துப் போயிட்டியோன்னு நெனச்சுட்டேன்டி. கேக்கவும் பயமா இருந்துச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளும் இல்லைங்க என்று மெல்லச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை, அவள் உதட்டையே பார்த்தபடி காத்திருந்தார். கடைசியில் அதையும் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.