தூங்கும் நீர்யானை

"கை வைக்காதே!"

விடுமுறைக் கைவினை வகுப்பின் முதல் பாடம் அதுதான். இரண்டாவது பாடம், "சொன்னது காதுல விழலையா?"

வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இது ஒத்திகை. என் தம்பி மனைவி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வண்ணக் காகிதம், பசை, மினுமினுப்புத் தூள், பஞ்சு, பிஸ்கட் வெட்டும் அச்சுகள் எல்லாவற்றையும் அறுவை சிகிச்சைக்கு எடுத்து வைத்தாற்போல வரிசையாக அடுக்கியிருந்தாள். எதிரே, நாற்காலிமேல் தலையணை போட்டு, தலையணைமேல் மகள். ஆறு வயது. வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓய்வுக்கு வந்திருந்தேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டில் நடப்பதைப் பார்க்க ஒரு கண்ணே அதிகம்.

"ஏம்மா, குழந்தைங்களுக்கு வகுப்புங்கிற. குழந்தைய ஒண்ணையும் தொட விடமாட்டேங்கிற?"

"அவ தொட்டா கசங்கிடும் அண்ணி. சாயங்காலம் கடைக்காரம்மா வராங்க. பார்க்க அழகா இருந்தாத்தான் வகுப்ப எனக்குக் குடுப்பாங்க."

கடைக்காரம்மா என்பவள் பெரிய தெருவில் கைவினைச் சாமான் கடை வைத்திருப்பவள். கடை மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. விடுமுறைக்கு அங்கே 'குழந்தைகளோடு செய்வோம்' என்று ஒரு வகுப்பு நடத்த ஆள் தேடினாள். என் தம்பி மனைவி ஆபீஸ் வேலையை விட்டதிலிருந்து மெழுகுவர்த்தி செய்து பார்த்தாள், சோப்புக் காய்ச்சிப் பார்த்தாள், பாட்டில்களுக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தாள். இப்போது குழந்தைகள்மேல் கை வைத்திருக்கிறாள்.

ஜன்னல் கண்ணாடி முழுக்கக் காகிதத்தில் வெட்டிய பனிப்பூக்கள். திண்டுகளில் பஞ்சு. அதுவும் பனியாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் தாங்காமல் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"இந்தப் பூவெல்லாம் யார் வெட்டினது?" என்று கேட்டேன்.

"பொடிசு" என்றாள் தம்பி மனைவி.

"நான் இல்ல. நான் காகிதத்தப் புடிச்சிட்டிருந்தேன்" என்றது பொடிசு.

"புடிச்சல்ல? அதுவும் செஞ்ச மாதிரிதான்."

பிறகு மாவு பிசைந்தாள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை. சின்னக் கிண்ணம் ஒன்றில் தனியாக இன்னொரு உருண்டை. அதைப் பொடிசிடம் நீட்டினாள்.

"இந்தா, இது உன் மாவு. இத வச்சுக்கிட்டு கீழ உக்காரு. மேசைப் பக்கம் வரக்கூடாது."

"இதுவும் பிஸ்கட்தானேம்மா?"

"ம்... ம்."

பொடிசு கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அதென்ன தனி மாவு?"

"பொம்மை மாவு அண்ணி. பாதி மைதா, பாதி உப்பு. வெண்ணெய் விக்கிற விலையில அவகிட்ட குடுத்து நாசம் பண்ணச் சொல்றீங்களா?"

"அவகிட்ட உப்புன்னு சொல்லலியே?"

"சொன்னா அழுவா. கடைக்காரம்மா போனதும் நானே சொல்லிக்கிறேன். நீங்க பேசாம இருங்க அண்ணி, ப்ளீஸ்."

பெற்றவளே பிள்ளைக்குக் கலப்பட மாவு கொடுக்கிற வீட்டில் விருந்தாளி என்ன பேசுவது?

மேசைக்கு மேலே நட்சத்திரங்கள் பிறந்தன. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளக்காத குறை. கீழே நெடுநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அத்தை, முடிஞ்சிடுச்சு."

உள்ளங்கையில் ஒரு உருண்டை. ஒரு பக்கம் கொஞ்சம் மேடு, மறுபக்கம் இரண்டு குழி. அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான்.

"அட, உருளைக்கிழங்கு! நல்லா இருக்கே!"

"நீர்யானைப்பா."

"நீர்யானையா? கால் எங்க?"

"தண்ணிக்குள்ள இருக்கு. அது தூங்குது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தேன். அந்த வீட்டில் அன்று யாராவது உருப்படியாக யோசித்து ஏதாவது செய்திருந்தார்கள் என்றால் அது அந்த உருண்டைதான்.

"அம்மா, என் நீர்யானைய எப்ப ஓவன்ல வைப்ப?"

"அப்புறம்."

"நட்சத்திரத்தோட சேர்த்து வையேன். ஓரமா இருந்துக்கும்."

"என் தட்டுல இடமில்ல. படமெடுக்கணும். தள்ளு, தள்ளு."

தட்டு ஓவனுக்குள் போனது. இவள் கைப்பேசியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, பஞ்சைப் பிய்த்து, பசை டப்பாவை இடம் மாற்றி, பொடிசை "சிரி, பல்லு தெரியாம சிரி" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். புகை முதலில் என் மூக்குக்குத்தான் வந்தது.

"ஏதோ கருகுதும்மா."

"அடுத்த வீட்ல அண்ணி."

அடுத்த வீட்டில் இல்லை. நட்சத்திரங்கள் அடுப்புக்கரியாக வந்தன. அவள் தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை.

"இப்ப என்ன பண்றது? மாவும் தீந்துபோச்சு! நாலு மணிக்கு வந்துடுவாங்க!"

"பேக்கரில நட்சத்திர பிஸ்கட் விக்கிறான். வாங்கிட்டு வரவா?" என்றான் தம்பி. அவன் எல்லாப் பிரச்சினைக்கும் செருப்பை மாட்டுகிறவன்.

"ஓடுங்க! மேல நானே க்ரீம் பூசிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றது பொடிசு.

"நீ வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்."

தம்பி வாங்கிக்கொண்டு வந்ததும் அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"டேய், ஓவன் இன்னும் சூடா இருக்கா?"

"இருக்குக்கா."

"அந்த நீர்யானைய உள்ள வை."

"அவ திட்டுவாளே..."

"வேற வேலையா இருக்கா. வைடா. நான் சூட்டுக்கிட்ட போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார். இல்லாட்டி உன்ன எதுக்குக் கெஞ்சப்போறேன்?"

வைத்தான். பொடிசு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தூங்கு, தூங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீர்யானை கொஞ்சம் உப்பி, பழுப்பாகி, மேட்டுப்பக்கம் ஒரு வெடிப்பு விட்டு வெளியே வந்தது. வெடிப்பு பார்க்கச் சிரிப்பு மாதிரி இருந்தது.

"சாப்பிடலாமா?"

"ஆறட்டும், ஆறட்டும்" என்று தாய்க்காரி கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "கடைக்காரம்மா போகட்டும். அப்புறம் சாப்பிடலாம்." பிறகு என் கண்ணைப் பார்க்காமல் க்ரீம் பையைப் பிழிந்தாள்.

கடைக்காரம்மா நாலு மணிக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தாள். ஒருமுறைகூட அதை மூக்கில் மாட்டவில்லை. எல்லாவற்றையும் கைப்பேசி வழியாகத்தான் பார்த்தாள்.

"அடடா, பனி! அடடா, நட்சத்திரம்! எல்லாம் குழந்தை செஞ்சதா?"

"நானும் அவளும் சேர்ந்து செஞ்சோம் மேடம்."

கடைக்காரம்மா ஒரு நட்சத்திரத்தைக் கடித்தாள். "ம்ம்! என்ன கைப்பக்குவம்!"

"அது பேக்கரி மாமா கைப்பக்குவம்" என்றது பொடிசு.

தம்பி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பாடா, குட்டு உடைந்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைக்காரம்மா அடுத்த நட்சத்திரத்தை எடுத்தாள்.

"அதனால என்ன? வகுப்புலயும் அப்படியே பண்ணிடுங்க. பிள்ளைங்க மாவுல கைய விட்டா தரையெல்லாம் யாரு துடைக்கிறது? வாங்கின பிஸ்கட்டுக்கு மேல பூசட்டும். வீட்டுக்குக் கொண்டுபோறப்ப அழகா இருக்கணும். பெத்தவங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"நானும் அதான் மேடம் நினைச்சேன்."

நினைத்தாளாம்! இரண்டும் நன்றாகத்தான் ஜோடி சேர்ந்திருந்தன. அப்போது கடைக்காரம்மாவின் கைப்பேசி, பொடிசு மேசை ஓரத்தில் ஆறவைத்திருந்த உருண்டைமேல் நின்றது.

"இது என்ன? மேகமா?"

"நீர்யானை. தூங்குது" என்றது பொடிசு.

"ஐயோ! இதுதான்! இதத்தான் நான் தேடிட்டிருந்தேன்! என்ன ஒரு வெகுளித்தனம்! கோணலும் மாணலுமா, குழந்தை கை பட்டது அப்படியே தெரியுது பாருங்க! என் கடை ஜன்னல்ல இது மாதிரி ஒரு டஜன் வைக்கணும். நாளைக்குச் சாயங்காலம் குடுத்துடுங்க. கூடவே இந்த மாதிரியையும் கொண்டுவாங்க, இத நடுவுல வைக்கலாம். வகுப்பு உங்களுக்குத்தான்."

"ஆனா அது என்னோடது. நான் சாப்பிடணும்."

"சாப்பிடலாம்டா செல்லம், அப்புறம்" என்று தாய்க்காரி அதைப் பொடிசு கைக்கு எட்டாமல் தூக்கினாள். காலையில் கிண்ணத்தோடு மேசைக்கு அடியில் தள்ளிய அதே மாவு இப்போது ஃப்ரிட்ஜ் உச்சியில், வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தது.

"சொல்லிடு. அவ அதத் திங்கிற நெனப்புலயே இருக்கா" என்றேன் கடைக்காரம்மா போனதும்.

"நாளைக்கு டஜன் முடியட்டும் அண்ணி. இப்ப அழுதா வேலை கெடும்."

மறுநாள் காலையிலிருந்து நீர்யானைத் தொழிற்சாலை. உப்பு மாவை மலையாகப் பிசைந்து தம்பி மனைவி உருட்டினாள். முதல் நீர்யானை அச்சில் வார்த்தாற்போல வந்தது.

"ரொம்ப நேரா இருக்கே!" அழுத்திக் கோணலாக்கினாள். "இப்ப வேணும்னே பண்ண மாதிரி இருக்கு!" மறுபடி உருட்டினாள். வாழ்நாள் முழுக்க நேர்கோடு போட்டவள். கோணலை எங்கே போய்த் தேடுவாள்?

"வெகுளித்தனம் வரலையா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி."

கடைசியில் வேறு வழியில்லாமல் பொடிசைக் கூப்பிட்டாள். முதல்முறையாக மேசையில் இடம் கிடைத்த பெருமையில் அது நாக்கைத் துருத்திக்கொண்டு செய்தது. செய்து முடித்து வைத்தால், நாலு கால், இரண்டு காது, திறந்த வாய்.

"என்னடி இது! கால் யாரு வைக்கச் சொன்னா? நேத்து செஞ்ச மாதிரி செய்!"

"நேத்து அது தூங்கிட்டிருந்துச்சு. இன்னிக்கு முழிச்சிடுச்சு."

"தூங்க வை!"

"அதுக்குத் தூக்கம் வரலைம்மா."

"உனக்குச் செய்யவே தெரியல. போ, எட்டப் போ! நீ தொட்டா எல்லாம் நேராயிடுது!"

அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்துதான் வந்தது. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பொடிசு நாற்காலியிலிருந்து இறங்கியது. "அப்ப என் பிஸ்கட்டக் குடு. நேத்தே தரேன்னியே."

"அது பிஸ்கட் இல்லடி! வெறும் உப்பு! பொம்மை மாவு! சாப்பிடறதுக்கே இல்ல, போதுமா?"

பொடிசு மேசையில் கிடந்த மாவைக் கிள்ளி நாக்கில் வைத்தது. முகம் சுருங்கியது. அழவில்லை.

"நட்சத்திர மாவு சர்க்கரை."

"ஆமா."

"எனக்கு மட்டும் உப்பு."

"நீ வீணாக்கிடுவன்னு..."

"நான் பிஸ்கட்டான்னு கேட்டப்ப 'ம், ம்'னு சொன்னியே."

தாய்க்காரி இன்னொரு உருண்டையைக் கோணலாக்கினாள். பொடிசு போய்விட்டது. சமையலறையில் முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. குனியக்கூடாது, எட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் கேட்டதில்லை.

மதியம் டஜன் எப்படியோ முடிந்தது. கோணலாக இருக்க வேண்டுமே என்று பயந்து பயந்து செய்த பன்னிரண்டு உருண்டைகள். அவற்றைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, மாதிரியை எடுக்க ஃப்ரிட்ஜ்மேல் கை வைத்தாள். வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

"நீர்யானை எங்க?"

"குளிக்குது" என்றது பொடிசு.

குளியலறைக்கு ஓடினாள். தம்பியும் ஓடினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போனேன், பார்க்க வேண்டிய காட்சி. வாளி நிறையத் தண்ணீர். அவள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். கையில் வந்தது வெறும் கூழ். விரலிடுக்கில் வழிந்து மறுபடி தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ! ஏன்டி இப்படிப் பண்ண?"

"நீதானே சாப்பிடறதுக்கு இல்லன்ன? பிஸ்கட் இல்லன்னா அது நிஜ நீர்யானை. நிஜ நீர்யானை தண்ணிலதான் இருக்கும்."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க! மாதிரி இல்லாம எப்படிப் போவேன்? அந்தப் பன்னிரண்டையும் பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும்!" தரையில் மண்டியிட்டு, ஈரக்கையோடு மகளின் தோளைப் பிடித்தாள். "கண்ணு, என் தங்கம், அதே மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுடா. தூங்குற மாதிரி. அம்மா புதுசா மாவு பிசைஞ்சு தரேன்."

"சர்க்கரை மாவா? உப்பு மாவா?"

"சர்க்கரை. சத்தியமா சர்க்கரை."

பொடிசு அவள் முகத்தைப் பார்த்தது. கையைப் பார்த்தது. கையிலிருந்து கூழ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிசைஞ்சு எடுத்துட்டு வா" என்றது. "முதல்ல நீ தின்னு காட்டு."