பதிவுக்குள் அடங்காத பாடம்

பல் தேய்த்துக்கொண்டிருந்த விரிவுரையாளருக்குப் பக்கத்து அறையிலிருந்து தன் குரலே கேட்டது. "புரியுதா?" என்று கேட்ட கையோடு அது அடுத்த சமன்பாட்டுக்குத் தாவியது.

எட்டிப் பார்த்தாள். கூடத் தங்கி அதே கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் மடிக்கணினியில் வேதியியல் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிவுரையாளரே முன்பு நடத்திப் பதிவான பாடம்தான். "அதான் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே, மேடம்" என்று கையை விரித்து, கல்லூரி முதல்வர் விரிவுரையாளரையும் இன்னும் சில ஆசிரியர்களையும் போன பருவமே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

"சித்தி, இந்த இடம் சுத்தமா புரியல. கேட்டா யாரும் பதில் போட மாட்டேங்கறாங்க."

பாடத்துக்குக் கீழே மாணவர்களின் கேள்விகள் அனுமார் வாலாக நீண்டிருந்தன. "மேடம், இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தான் ஒருவன். அவளுக்குச் சுருக்கென்றது.

அவளது கல்லூரி இணையக் கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தன் பெயரிலேயே ஒவ்வொன்றாகப் பதில் எழுதத் தொடங்கினாள்.

"வேலைய விட்டுத் தூக்கினப்புறம் ஓவர்டைம் பாக்கற ஒரே ஆளு நீதான்" என்றான் கணவன்.

சில நாளில் முதல்வரே அழைத்தார். "நீங்க இப்ப ஸ்டாஃப் இல்ல, மேடம். நிறுத்திக்குங்க."

"அப்ப தினமும் கிளாஸ் எடுக்கறது யாரு சார்?"

"அது வீடியோ."

"சந்தேகத்தையும் அதுகிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க."

மாலையே கணக்கை முடக்கிவிட்டார்கள். அவள் அசரவில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, சொந்தமாக ஒரு நேரலை வகுப்பைத் திறந்தாள். அக்கா மகள் இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினாள். நாலைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்தவளுக்குத் திரை நிரம்பி வழிந்தது. சீருடை மாற்றாத செவிலி, மடியில் குழந்தையோடு ஒருத்தி, நிறுத்திய லாரிக்குள்ளிருந்து ஓர் ஓட்டுநர். கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாமல் அதன் ஆன்லைன் படிப்பில் சேர்ந்தவர்கள்தான் பாதிப் பேர்.

பதில் சொல்ல ஆசிரியர் இல்லாத பாடத்துக்குத் தேர்வு எழுத மாட்டோம் என்று அவர்கள் சேர்ந்து கல்லூரிக்கு எழுதினார்கள். முதல்வரின் குரல் இறங்கி வந்தது. "திரும்ப வந்துடுங்க மேடம். அடுத்த வருஷப் பாடத்தையும் ரெக்கார்டு பண்ணிடலாம்."

"ரெக்கார்டு பண்ணுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பசங்க கேள்வி கேக்க வாராவாரம் நேரலை வேணும். நான் மட்டுமில்ல, வீட்டுக்கு அனுப்பின அத்தனை பேரும் வரணும். எழுத்துல குடுங்க."

"யோசிக்கணும்."

"நிதானமா யோசிங்க. எனக்குக் கிளாஸுக்கு நேரமாச்சு."

போனைக் கவிழ்த்து வைத்தாள். திரையில் செவிலி ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தாள்.