பங்காளியா, சம்பந்தியா

துருக்கிக்காரனும் மங்கோலியக்காரனும் பங்காளிகளா, சம்பந்திகளா என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாருக்காவது கவலை உண்டா? ஒருத்திக்கு இருந்தது. ரங்கசாமி மகள் அஸ்வினிக்கு. ஆறு வருஷமாக அந்தக் கவலையோடு சாப்பிட்டு, அந்தக் கவலையோடு தூங்கி, தலைமுடியில் பாதியைக் கொட்டியிருந்தாள். "நம்ம ஊட்டு வழக்கே தீரல, கண்காணாத தேசத்துக்காரன் பங்காளி வழக்க இவ பாத்துக்கினு கீறா" என்று அவள் அம்மா செங்கம்மாள் மீன்கூடையோடு போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் பெருமை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆரம்பித்தது. அங்கே ஓர் இரும்பு ஆலை அலுவலகத்தில் அஸ்வினி வேலை பார்த்தபோது, புது இயந்திரம் பூட்டுவதற்குத் துருக்கியிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டு மாதம் தங்கினார்கள். இரும்புக்கு 'தெமிர்' என்றார்கள். கறுப்புக்கு 'கரா' என்றார்கள். இவளும் சும்மா இருக்காமல் அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் எதையோ படிக்கப் போய், மங்கோலியனில் இரும்பு 'தொமொர்', கறுப்பு 'ஹர்' என்று தெரிந்ததும் ஆள் சொக்கிப் போனாள். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் மொழியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். இப்படியும் பைத்தியம் பிடிக்குமா என்றால், பிடித்தது.

உள்ளே போனால் அங்கே பெரிய குடுமிப்பிடி. துருக்கி, மங்கோலியம், மஞ்சூரியப் பக்கத்து பாஷைகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரு கட்சி. அதில் சிலர் கொரியனையும் ஜப்பானியத்தையும்கூட அதே பந்தியில் உட்கார வைப்பார்கள். இன்னொரு கட்சிக்கு அது சுத்த அபத்தம். ஒரே புல்வெளியில் ஆயிரக்கணக்கான வருஷம் அக்கம்பக்கத்தில் குதிரை மேய்த்தவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், சொல்லையும் கொடுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான் என்பார்கள். துருக்கியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள்: பிர், இகி, உச். மங்கோலியனில் நெக், ஹொயொர், குரவ். கூடப் பிறந்தவர்களுக்கு ஒன்று இரண்டு மூன்றுகூடவா ஒத்துப்போகாது? அஸ்வினி இந்த இரண்டாவது கட்சி. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அழுத்தந்திருத்தமாக எழுதியும் வைத்திருந்தாள்: "சாமான்களின் பெயர்கள் கைமாறும். உடம்போடும் உறவோடும் ஒட்டிய சொற்கள் கைமாறுவதில்லை." எழுதியபோது எவ்வளவு தைரியம்!

அந்த வழக்கு அப்படியே புரண்டு வந்து அவள் வீட்டுக்குள் உட்காரும் என்று யார் கண்டார்கள்.

மதன் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டர். அஸ்வினியின் குப்பத்திலேயே இருக்கும் முனுசாமியின் மகன்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு வள்ளூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவன். இரண்டு பேரும் முதல்முறையாக நின்று பேசியது பொன்னேரி ஸ்டேஷனில், ரயிலுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம். இரண்டு வருஷம் பேசினார்கள். பிறகு கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, அஸ்வினி வீட்டில் வாயைத் திறந்தாள்.

"அடிப்பாவி!" என்று செங்கம்மாள் கையிலிருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்தாள். "சித்தப்பா புள்ளய கட்டிக்கிறேன்றியே, ஊரு காறித் துப்பாது?"

விஷயம் இதுதான். ஒரே குலதெய்வம் கும்பிட்டால் பங்காளி. ஒரு தாத்தனுக்குப் பிறந்த வம்சம். அங்கே பெண் எடுப்பதும் கிடையாது, கொடுப்பதும் கிடையாது. சம்பந்தி வேண்டுமென்றால் வேறு சாமி கும்பிடுகிற வீடாகத் தேட வேண்டும். ரங்கசாமி வீட்டுக்கும் முனுசாமி வீட்டுக்கும் சாமி கன்னிமார். ரங்கசாமியை முனுசாமி வாய் நிறைய "அண்ணா" என்பார். அஸ்வினிக்கு அவர் சித்தப்பா. கட்டுப்பாட்டை மீறிக் கல்யாணம் செய்தால் இரண்டு வீட்டுக்கும் ஏரியில் பாடு கிடையாது. பாடு என்றால் வலை போடும் முறை. அது இல்லாவிட்டால் அந்த இரண்டு மனிதர்களும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அஸ்வினி அழவில்லை. ஆராய்ச்சிக்காரி இல்லையா, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நேராக ஊர்த் தலைவர் அன்புராஜிடம் போனாள்.

"ஒரே சாமின்னா ஒரே ரத்தம்னு அர்த்தமில்ல தலைவரே. பாத்து எடுத்துக்கினதாவும் இருக்கலாம்."

"எவனாச்சும் சாமியப் பாத்து எடுத்துப்பானாம்மா?"

"எங்க கன்னிமாரு ஏழு கல்லு. அதுல ஏழாவது கல்லு குப்புறப் படுத்துக்கினு கீதே, ஏன்?"

அன்புராஜுக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும். அஸ்வினியின் கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளம் அந்தக் கல்லைத் தள்ளிவிட்டது. நிமிர்த்தப் போனவருக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டதால், ஆத்தா படுக்க ஆசைப்படுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

"முனுசாமி சித்தப்பா ஊட்டுத் தோட்டத்துலயும் ஏழு கல்லு கீது. அதுலயும் ஏழாவது கல்லப் படுக்க வெச்சிருக்காங்க. அவங்க ஏரிக்கு வடக்கால, ஆந்திராலேர்ந்து வந்தவங்க. சாமிய அங்கேர்ந்து கொண்டாந்திருந்தா ஏழும் நின்னுக்கினு இருக்கணும். வெள்ளம் எங்க ஊட்டுக் கல்லத்தானே தள்ளுச்சு? இங்க வந்து, படுத்த கல்லப் பாத்து, அப்டித்தான் வெக்கணும்போலன்னு வெச்சிருக்காங்க. தப்போட சேத்து எடுத்துக்கினாங்க."

நல்ல வாதம். அவளுடைய பேராசிரியர்கள் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்கள். அன்புராஜும் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சரிம்மா, சாமி போவட்டும். தீட்டு? முனுசாமி நைனா செத்தப்ப உங்க நைனா மீசய எடுத்துட்டு பதினாறு நாளு தீட்டு காத்தாரு. நானே கண்ணால பாத்தேன். சாமிய எடுத்துப்பான், சரி. அடுத்தவன் ஊட்டுச் சாவ எவன்மா எடுத்துப்பான்?"

அஸ்வினி நோட்டை மூடினாள். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் எழுதியதைத்தான் அந்த மனுஷர் ஒரு புத்தகமும் படிக்காமல் திருப்பிச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழம கூட்டம் வெச்சி உங்க நைனாவயே கேட்டுடுவோம். சாமி முன்னால அவரு சொல்றதுதான்" என்று முடித்துக்கொண்டார் அன்புராஜ்.

ரங்கசாமி படகோரம் வலையிலிருந்து பாசியை உதறிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத ஆள். கேள்வியைக் கேட்டதும் இன்னும் வேகமாக உதறினார்.

"நைனா, உண்மையச் சொல்லு. நம்ம தாத்தாவும் அவங்க தாத்தாவும் அண்ணன் தம்பியா?"

"அப்டித்தான் சொல்லிக்கினாங்க."

"யாரு சொல்லிக்கினாங்க?"

உதறுவது நின்றது. "நான்தான்" என்றார்.

சுனாமி வந்த நாலாம் நாள் முனுசாமியின் அப்பா போய்ச் சேர்ந்தார். அலையில் அடிபட்ட காயம். வடக்கே இருந்த அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீடுகளிலேயே சாவு. வருவதற்குப் பாதையும் இல்லை, ஆளும் இல்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இருந்தான். ஆனால் கூட நின்று மீசை எடுக்க, நீர் விட, பதினாறு நாள் பக்கத்தில் உட்கார ஒரு பங்காளி இல்லை. அந்நியன் உட்காரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஒத்தையா குந்திக்கினு இருந்தான்மா. சுத்திலும் சனம் நிக்குது, ஒருத்தனும் கிட்ட போவல. எனக்கு மனசு கேக்கல. அவன் தாத்தனும் என் தாத்தனும் அண்ணன் தம்பி, ஏரிக்கு இந்தாண்ட அந்தாண்டன்னு பிரிஞ்சி போயிட்டாங்க, எங்க நைனா சாவறப்ப சொன்னாருன்னு ஒரு பொய்யி வுட்டேன். நாசுவன் முன்னாடி போயி குந்தினேன்."

"அப்ப அத்த ஞாயித்துக்கெழம சொல்லிடு நைனா! நமக்கு அதான வேணும்!"

ரங்கசாமி மகளைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார் என்று முதலில் நினைத்தாள். இல்லை, கண் கலங்கியிருந்தது.

"சொல்லலாம். சொன்னா உனக்குக் கல்யாணம் ஆயிடும். ஆனா அவன் நைனாவுக்கு நீர் வுட்டது எவனோ ஒரு அந்நியன்னு ஆயிடும். செத்தவருக்குக் காரியமே ஆவலன்னு ஆயிடும். இருவது வருசமா அண்ணான்னு கூப்ட்டுக்கினு கீறான். நாளைலேர்ந்து அவனுக்கு யாருமா கீறாங்க?"

அஸ்வினியின் மனசுக்குள் மதன் முகம் வந்தது. கூடவே மதன் அப்பாவின் முகமும் வந்தது. ரங்கசாமிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் தரையில் படுத்திருந்த மனுஷர் அவர். பொய்யில் முளைத்த உறவுதான். ஆனால் அந்த ஒன்பது நாள் பொய் இல்லையே.

"வேணாம் நைனா" என்றாள். "நீ சொல்லாத."

அன்று சாயங்காலம் மதனுக்குப் போன் போட்டாள். அவன் முழுசும் கேட்டுவிட்டு, "எங்க நைனாக்கு அது தெரியவே கூடாது" என்றான். போனை வைத்ததும் அஸ்வினி மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தாள். உறவோடு ஒட்டியது கைமாறாது என்ற வரியை அடித்தாள். அந்த ஊரே அப்பாவை 'நைனா' என்று பக்கத்துத் தெலுங்கிலிருந்து வாங்கிக் கூப்பிடுகிறது. அவளும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். அது ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தப் புல்வெளியிலும் எவனோ ஒருவன் தனியாகக் குந்தியிருந்தவன் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பான். எதற்கென்று இருவரும் வாய் திறக்காமல் செத்துப் போயிருப்பார்கள். பின்னால் வருகிற நாம் ரத்தமா, பழக்கமா என்று எந்தக் கல்வெட்டைப் பார்த்துச் சொல்வது? தெரியாது என்று எழுதினாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொல்லை எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கன்னிமார் கல் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் ஓரமாக. முனுசாமி வழக்கம்போல ரங்கசாமியின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ரங்கசாமி, ஒரு வார்த்த" என்றார் அன்புராஜ். "கன்னிமாரு பாத்துக்கினு கீறா. நீயும் முனுசாமியும் பங்காளியா, இல்லியா?"

ரங்கசாமி எழுந்தார். துண்டை எடுத்துக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். சாமி முன்னால் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. உண்மை சொல்ல மனசு வரவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தார். அஸ்வினி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பங்கா..." என்று ஆரம்பித்தார்.

"வுடுண்ணா, நீ குந்து" என்று முனுசாமி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்தார்.

"தலைவரே, நாங்க பங்காளி இல்ல. எங்க தாத்தன் ஒத்தப் புள்ள. கூடப் பொறந்தவன்னு ஒரு ஈ காக்கா கெடையாது. எங்க நைனா சாவறதுக்கு முந்தி எத்தினி தடவ என்கிட்ட சொல்லியிருப்பாரு."

கூட்டத்தில் சலசலப்பு. ரங்கசாமி வாயைப் பிளந்தபடி பார்த்தார்.

"அப்ப உனக்கு அன்னிக்கே தெரியுமா?" என்றார் அன்புராஜ்.

"இவரு நாசுவன் முன்னாடி குந்தினப்பவே தெரியும். இந்த மனுசன் எனக்காவ ஊர் முன்னாடி புளுகுறாருன்னு தெரியும். வாய மூடிக்கினேன். எனக்கு ஒரு அண்ணன் தேவயா இருந்துச்சி."

"அப்ப உங்க நைனா காரியம் செல்லாம போச்சேப்பா!" என்று எவனோ பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"செத்தது எங்க நைனா. யாரு நீர் வுட்டா அவரு தொண்ட நனையும்னு எனக்குத் தெரியும். நீ பொத்திக்கினு குந்து." அதட்டிவிட்டு அன்புராஜ் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "இருவது வருசம் அண்ணனா வெச்சிருந்தேன். போதும் தலைவரே. புள்ளைங்க வாழட்டும். இன்னியோட சம்பந்தின்னு எழுதிக்கோங்க."

அன்புராஜ் அந்தக் கல்லையும் இந்தக் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். ஓரத்தில் செங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அஸ்வினிக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் எழுந்து போய் முனுசாமியின் காலைத் தொட்டபோது, மாமா என்று கூப்பிட நாக்குப் புரளவில்லை. சித்தப்பா என்றும் கூப்பிட முடியவில்லை. ஒன்றும் கூப்பிடாமலேயே கும்பிட்டாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ரங்கசாமி மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி உதடு பிதுங்கியது. சம்பந்திக்குத் தீட்டு கிடையாது. அது அவருக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஏண்டா முனுசாமி, அப்ப நான் செத்தா நீ மீச எடுக்க மாட்டியா?"

முனுசாமி திரும்பி வந்து பழையபடி தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"எடுப்பேன்ண்ணா. எவன் கேக்கறான்னு பாத்துடலாம்."

அன்புராஜ் காதில் அது விழுந்தது. அவர் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.